அந்தியேட்டிப் பருப்பு

புலம்பெயர்ந்து வந்து வெக்ஸ்போர்ட்டில் நான் சமையல் வேலை செய்த கடையின் முகப்பில் தாஜ்மஹால் படம் இருந்தது. முதலாளி தாஜ்மஹாலைக் கண்ணாலும் கண்டதில்லை. சில்ஹெட் பக்கத்து பங்களாதேஷ்காரர். பங்களாதேஷ் சாப்பாடு என்று எழுதினால் வெள்ளைக்காரன் வாசலோடு திரும்பிவிடுவான் என்பார். பத்து வருடம் யார் யாருடைய கடைகளிலோ கோப்பை கழுவி, பிறகு எங்கள் ஆட்களைச் சமையலுக்கு வைத்துச் சொந்தமாக ஒன்று போட்டவர். அவர்களோடு குசினியில் நின்றே தமிழும் பழகிவிட்டார். எனக்கு அவர் அண்ணை. அவருக்கு நான் தம்பி.

தொண்ணூறுகளின் நடுவில், யாழ்ப்பாணத்தில் அம்மா இறந்துபோனார். சண்டை நடந்துகொண்டிருந்தது, போக வழியில்லை. செய்தி வந்த அன்று அண்ணை கடையைப் பூட்டிவிட்டு என் அப்பார்ட்மென்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றி, தரையில் உட்கார்ந்தார். பேப்பர்ஸ் இல்லாததால் தன் தாயின் முகத்தையும் தான் கடைசியாகப் பார்க்கவில்லை என்றார்.

“என்ர அம்மாக்கு நான் ஒராளுக்கும் சோறு குடுக்க இல்ல, தம்பி. உன்ர அம்மாக்கு நான் சமைக்கிறன்.”

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சாப்பாடு அவர் பொறுப்பு என்று முடிவானது. அம்மாவின் அக்கா, என் பெரியம்மா, கோபத்தில் துள்ளிக் குதித்தார்.

“ஆடு அவிச்ச சட்டியிலையோ கொம்மாவுக்குப் படைக்கப் போறாய்?”

“அவர் அப்பிடியான ஆள் இல்லை பெரியம்மா. நான் பொறுப்பு” என்றேன்.

அண்ணை அதைக் கேள்விப்பட்டுப் புதுச் சட்டிகள் வாங்கினார். அப்பா போன பிறகு அம்மா முட்டையைக்கூடத் தொடவில்லை, அன்றைய சாப்பாட்டில் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் அறவே கூடாது என்று அவரிடம் இரண்டு மூன்று தரம் சொன்னேன். “எனக்குத் தெரியாதா, தம்பி?” என்றார். அன்று என்னைக் குசினிக்குள் விடவில்லை. தாய்க்குக் காரியம் செய்கிறவன் அடுப்படியில் நிற்கக் கூடாதாம்.

அப்பார்ட்மென்ட் பார்ட்டி ரூமில் அம்மாவின் படத்துக்கு முன்னால் இலை போட்டோம். சோறும் கறிகளும் வைத்து, பருப்பை நானே என் கையால் விட்டேன். வறுத்த பயற்றம் பருப்பு. நெய்யும் கறுவாவும் மணத்தன. பெரியம்மா இரண்டாம் தரமும் கேட்டு வாங்கி, “இப்பிடி ஒரு பருப்பு ஊரிலையும் சாப்பிடேல்லை” என்றார். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் மத்தியானம் கடையில், எனக்கென்று எடுத்துவைத்திருந்த மிச்சப் பருப்பைச் சோற்றில் விட்டுப் பிசைந்தேன். விரலில் ஒரு வெள்ளை மணி தட்டுப்பட்டது. சவ்வரிசி அளவு. நசுக்கினேன், நசியவில்லை. கடற்கரை ஊரில் வளர்ந்தவனுக்கு அது என்னவென்று யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. மீனின் கண்.

கோப்பையோடு போய் அவருக்கு முன்னால் நின்றேன். அவர் ஒளிக்கவில்லை.

“எங்கட ஊரில பெரிய ஆக்களுக்கு மீன் தலை போட்டுத்தான் பருப்பு. வெறும் பருப்பு குடுத்தா அம்மாக்கு மரியாதை இல்ல. முள் எல்லாம் நான் இருந்து எடுத்தது, தம்பி. ஒராளும் கண்டுபிடிக்க இல்ல.”

தெரியாமல் செய்திருந்தால் மன்னித்திருப்பேன். மனுசன் உட்கார்ந்து ஒவ்வொரு முள்ளாகப் பொறுக்கியிருக்கிறார். அவ்வளவு நேரமும் நான் சொன்னது அவருக்கு ஞாபகம் இருந்திருக்கிறது. உடம்பெல்லாம் பற்றியெரிந்தது. அதுவரை நீங்கள் என்றே பேசியவன், “அம்மான்ரை இலையிலை என்ரை கையாலையே விடவைச்சிட்டியேடா” என்று கத்தினேன். ஏப்ரனைக் கழற்றி எறிந்தேன்.

“எல்லாரும் திரும்பக் கேட்டது தானே, தம்பி?” என்றார். அவருக்கு உண்மையாகவே விளங்கவில்லை. அதன் பிறகு நான் அந்தக் கடைப் படி ஏறவில்லை.

ஒரு வருடம் கழித்து அம்மாவின் திவசம் வந்தது. பெரியம்மா கேட்டார்:

“அந்த மனுசனிட்டையே சொல்லன் தம்பி. கொம்மாவுக்கு அந்தப் பருப்பைப் படைப்பம்.”

“அவர் கடையைப் பூட்டிட்டார் பெரியம்மா.”

கடை திறந்துதான் இருந்தது. அன்று காலையும் பஸ்ஸில் அந்தத் தாஜ்மஹாலைக் கடந்துதான் வந்திருந்தேன்.

“பாவம், நல்ல மனுசன். எவ்வளவு சுத்தமாச் செய்து தந்தவர்” என்றார் பெரியம்மா.

“ஓம் பெரியம்மா” என்றேன், அம்மாவின் படத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.