என் கையில் ஏன் சாவி?

மயிலாப்பூர் டீக்கடை வாசலில் இன்று மாலை எனக்கு வலிப்பு வந்தது. தெளிந்தபோது கையில் பைக் சாவி.

திணித்தவன் ஹரி, என்னோடு இன்ஜினியரிங் படித்தவன். இரும்பு வலிப்பை நிறுத்தாது, ஒருக்களித்துப் படுக்கவைத்தால் போதும் என்று அவனுக்கு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அதிர்ந்துபோனேன்.

ஏற்கெனவே இரண்டு நண்பர்கள், என் வலிப்பை ஒருமுறை பார்த்ததோடு என்னை எங்கும் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். மிச்சம் இருப்பவன் இவன்தான்.

"அறிவிருக்காடா உனக்கு?"

"சாவி உனக்கில்ல மச்சி, கூட்டத்துக்கு. நாலு பேர் உன்ன அமுக்கிப் பிடிச்சிக்கினு இருந்தாங்க. உன் கைல சாவியக் குடுத்ததும்தான் அவங்க கைய எடுத்தாங்க. அப்புறந்தான் உன்ன ஒருக்களிச்சுப் படுக்கவைக்க முடிஞ்சுது."

அதைவிடப் பெரிய அதிர்ச்சி இது. நான் சொன்னதை ஒருவன் காதில் வாங்கியிருக்கிறான்.

கூட்டத்தைச் சமாளிக்க வேறு நல்ல வழி தெரிந்தவர்கள் கீழே சொல்லுங்கள்.