பொத்துவிலில் வலை இழுத்த காலை

அப்போது தோட்டத்தில் வெள்ளைக்காரத் துரைதான். நான் கொழுந்து பறித்தேன். என் வீட்டுக்காரருக்குத் தேயிலை அரைக்கிற ஸ்டோரில் வேலை. ஒரு கச்சான் காற்றுக் காலத்தில் ஸ்டோர் எஞ்சின் உடைந்து போனது. கொழும்பிலிருந்து சாமான் வரும்வரை அவருக்கு வேலை இல்லை. காற்றில் செடி காய்ந்து மலையிலும் கொழுந்து இல்லை. ரெண்டு பேரும் லயத்து வீட்டில் சும்மா இருந்தோம்.

என் தம்பி மரக்கறி லொறி ஓட்டினான். பண்டாரவளையில் கோவா, போஞ்சி, லீக்ஸ் ஏற்றிக்கொண்டு பொத்துவில் பக்கம் போவான். திரும்பும்போது கருவாடு கொண்டுவருவான். அவன்தான் ஒரு நாள் லயத்து வாசலில் நின்று கேட்டான்.

"சும்மாதான இருக்கீங்க. வாங்க, கடலப் பாத்துட்டு வருவோம். புள்ளைகளுக்குக் காட்ட வேணாமா?"

"கடல்ல என்னா இருக்கு?" என்றேன்.

"தண்ணிதான். நெறைய இருக்கு."

என் வீட்டுக்காரர் சிரித்தார். அவர் சிரிப்பது அபூர்வம். போவோம் என்று அதற்கு அர்த்தம்.

எங்களுக்கு ரெண்டு பிள்ளைகள். மூத்தவன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தான். சின்னவள் இன்னும் பிள்ளைக்காம்பராவில் இருந்தாள். நாங்கள் மலைக்குப் போகும்போது கைப்பிள்ளைகளையும் சின்னதுகளையும் விட்டுப்போகிற இடம் அது. தெமோதரைச் சந்தியில் விடியற்காலம் லொறி ஏறினோம். மரக்கறி மூட்டைகளுக்கு மேல் ஒரு கம்பளியை விரித்து உட்கார்ந்தோம். பதுளை, பசறை, மொணராகலை. இறங்க இறங்கச் சூடு ஏறியது. குளிருக்குச் சுருண்டிருந்த பிள்ளைகள் ஒவ்வொரு துணியாகக் கழற்றிப் போட்டார்கள். பின்னேரம் பொத்துவில் போய்ச் சேர்ந்தோம்.

தம்பி தனக்குப் பழக்கமான கருவாட்டு வியாபாரியின் வாடியில் எங்களை விட்டான். கடலோரத்தில் கிடுகு வேய்ந்த கொட்டில். மீன் பிடிக்கிறவர்கள் அந்தக் காலத்துக்கு மட்டும் வந்து தங்குவது. மரக்கறியை விற்றுக் கருவாடு ஏற்றிக்கொண்டு சில நாளில் வருவதாகச் சொல்லிவிட்டு அவன் போனான்.

கடலைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரியாது. பெரியது. சத்தம் போட்டுக்கொண்டே இருந்தது. மூத்தவன் ஒரு வாய் குடித்துப் பார்த்துத் துப்பினான். "யாரும்மா உப்புப் போட்டது?" என்று கேட்டான்.

முதல் நாள் காலையில் தண்ணீரில் இறக்குவதற்கு முன் ரெண்டு பேர் காலிலும் சவுக்காரம் பூசினேன். மலையில் ஈரத்தில் போகும்போது அட்டை ஏறாமல் இருக்கப் பூசுவோம். வாடியில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த ஒருவர் அதைப் பார்த்துவிட்டார். கரைவலைக்கு அவர்தான் தலைவர். மட்டக்களப்புப் பக்கத்து ஆள்.

"ஏன் புள்ள, குளிக்க முந்தியே சவுக்காரம்?"

"அட்டைக்குண்ணே."

அவர் வலையைக் கீழே போட்டார். மற்றவர்களைக் கூப்பிட்டார். "டேய், இஞ்ச வாங்கடா! மலைநாட்டுப் பிள்ளையள் கடல் அட்டைக்குச் சவுக்காரம் பூசுதுகள்!" எல்லோரும் வந்து பார்த்தார்கள். "அட்டை வந்தா இந்த உப்பில அதுதான் புள்ள சாகும்" என்றார். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனாலும் கழுவிவிடவில்லை.

பிள்ளைகள் ஓடினார்கள். மணல் மேட்டில் ஏறி உருண்டு வந்தார்கள். நண்டு வளையைத் தோண்டினார்கள். அலை வரும்போது ஓடிவந்து, போகும்போது பின்னாலேயே ஓடினார்கள். என் வீட்டுக்காரர் முழங்கால் வரை நின்று ரெண்டு பேரையும் ரெண்டு கையில் பிடித்துத் தூக்கித் தூக்கிவிட்டார். ஸ்டோரில் பெட்டி தூக்கிய கை. களைக்கவில்லை. நான் கரையில் இருந்தேன். கண் மட்டும் பிள்ளைகளைவிட்டு நகரவில்லை.

அடுத்த நாள் காலையில் வலை இழுக்க ஆள் பத்தவில்லை. தலைவர் என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டார். நானும் எழுந்தேன்.

"பொம்புளையா?" என்றார் அவர்.

"கொழுந்துக் கூடைய மண்டையில மாட்டிக்கிட்டு மலை ஏறுற ஆளுண்ணே நான்."

"அப்ப வா. மீன் தருவன், கூலி கேக்கப்படாது."

கரைவலையில் ரெண்டு கயிறு. தோணியில் வலையைச் சுற்றிப் போட்டுவிட்டு ரெண்டு முனையையும் கரைக்குக் கொண்டுவருவார்கள். தூரம் தூரமாக ரெண்டு கூட்டம் நின்று இழுக்கும். என் வீட்டுக்காரரும் மூத்தவனும் தெற்குக் கயிற்றுக்குப் போனார்கள். நான் வடக்குக் கயிற்றில் நின்றேன். துணி மூட்டையையும் கம்பளியையும் மணலில் வைத்து, பக்கத்தில் சின்னவளை உட்கார வைத்தேன்.

"இங்கேயே குந்தியிரு. நகரப்படாது. அம்மா இந்தா இருக்கேன்."

"சரி" என்றாள்.

இழுத்தோம். தலைவர் பாட்டுப் போல ஒரு சத்தம் கொடுப்பார். எல்லோரும் சேர்ந்து பின்னுக்குச் சாய்வோம். கயிறு ஈரம். கை எரிந்தது. எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. முதலில் ரெண்டு மூன்று தடவை திரும்பிச் சின்னவளைப் பார்த்தேன். இருந்தாள். பிறகு வலை கனத்தது. மிதப்புக்கட்டைகள் தெரிந்தன. கண் கடலுக்குப் போய்விட்டது.

எனக்குத் தெரியாதது ஒன்று இருந்தது. வலை கிட்ட வர வர, ரெண்டு கூட்டமும் பக்கவாட்டில் நகர்ந்து ஒன்றையொன்று நெருங்கும். அப்படித்தான் வலையின் வாய் மூடும். ஒவ்வொரு இழுப்புக்கும் நாலு எட்டு நகர்ந்துகொண்டே போயிருக்கிறோம். மலையில் நான் எங்கே நிற்கிறேன் என்று எனக்கு எப்போதும் தெரியும். ஒரு கல் இருக்கும், ஒரு சவுக்கு மரம் இருக்கும், ஒரு தண்ணீர்க் கான் இருக்கும். மணலில் ஒன்றும் இல்லை. எல்லா இடமும் ஒரே இடம் மாதிரி இருந்தது.

வலை கரைக்கு வந்தது. மீன் துள்ளியது. காகம், நாய், ஊர்ப் பிள்ளைகள், கூடையோடு பெண்கள். மூத்தவன் ஓடிவந்து என் கையைப் பிடித்தான். அப்போதுதான் திரும்பினேன்.

சின்னவள் இல்லை. மூட்டையும் இல்லை.

அப்பாவிடம் போயிருப்பாள் என்று நினைத்தேன். அவர் தனியாக வந்தார்.

"சின்னவ எங்க?" என்றார்.

"ஒங்ககிட்ட வரலியா?"

அவர் கடலைப் பார்த்தார். நானும் பார்த்தேன். ரெண்டு பேருக்கும் ஒரே நினைப்பு.

அவர் ஓடினார். கரைக்கு உள்ளே தேங்கிக் கிடக்கிற களப்புத் தண்ணீர் கடலில் விழுகிற முகத்துவாரப் பக்கம் ஓடினார். எங்கள் ஊரில் தண்ணீரில் போனது கீழேதான் போகும். ஆற்றில் பிள்ளை விழுந்தால் கீழ்ப்பக்கம்தான் ஓடுவோம். கடலில் கீழ்ப்பக்கம் எது? அவருக்கும் தெரியாது. ஓடினார்.

வலைக்காரர்கள் மீனை அப்படியே போட்டுவிட்டு வந்தார்கள். ரெண்டு பேர் தண்ணீரில் இறங்கினார்கள். ரெண்டு பேர் வடக்கே போய்ப் பார்த்துவிட்டு, "ஒருத்தரும் இல்ல, வலைக் குவியல்தான் கெடக்கு" என்று திரும்பிவந்தார்கள். ஊர்ப் பிள்ளைகள் பற்றைக்காட்டுக்குள் ஓடிப் பார்த்தார்கள்.

நான் கூப்பிட்டேன். மலையில் கூப்பிடுகிற கூப்பாடு. ஒரு மலையில் நின்று கூப்பிட்டால் அடுத்த மலையில் கேட்கும். இங்கே வாயைவிட்டு வெளியே வந்ததுமே அலைச் சத்தத்தில் கரைந்துபோனது. எனக்கே கேட்கவில்லை.

தலைவர் பக்கத்தில் வந்து நின்றார். "அழுதுகொண்டு எங்கயாவது ஓடியிருப்பாள். ஓடுற பிள்ளைய யாராவது கண்டிருப்பாங்க, பயப்படாத" என்றார்.

அவர் சொன்னதைக் கேட்டதும்தான் எனக்கு விளங்கியது. அவள் ஓடமாட்டாள். அழவும் மாட்டாள்.

எங்கள் மலையில் பனிமூட்டம் திடீரென்று இறங்கும். முன்னால் நிற்கிற ஆள் தெரியாது. கான் தெரியாது, பள்ளம் தெரியாது. அதனால் நடக்கத் தொடங்கியதுமே பிள்ளைகளுக்கு ஒன்றைச் சொல்லிக்கொடுப்போம். அம்மாவைக் காணவில்லை என்றால் நின்ற இடத்திலேயே குந்து. வாயை மூடு. அழுதால் அம்மா கூப்பிடுவது கேட்காது. அம்மா வந்து தூக்கும்வரை அசையாதே. சின்னவளுக்கு அது நன்றாகத் தெரியும். ஒரு தடவை மூட்டத்தில் மாட்டிக்கொண்டு, தேயிலைச் செடிக்கடியில் குந்தியிருந்தவளை நான் போய்த் தூக்கியிருக்கிறேன்.

"அண்ணே, அவ வச்ச எடத்துலயேதான் குந்தியிருப்பா" என்றேன்.

"எந்த இடம்?"

"நான் கயித்தப் பிடிச்ச எடம்."

"இந்தா இதுதானே?" என்று கையைக் காட்டினார். பிறகு அவரே நிறுத்தினார். "இல்ல. நாம வந்த தூரம் கெடக்கு." மணலைக் காட்டினார். வடக்கேயிருந்து எங்கள் கூட்டம் உழக்கிக்கொண்டு வந்த தடம் இருந்தது. குதிகால் ஊன்றி ஊன்றிக் கிளறிய மணல். "அதால போ, புள்ள."

போனேன். ஓட முடியவில்லை, கால் புதைந்தது. தடம் வளைந்து போனது. கவிழ்த்த தோணி ஒன்றைத் தாண்டியது. அதற்கப்புறம் பழுப்பாக ஒரு குவியல் கிடந்தது. வலைதான் என்று யாரும் சொல்வார்கள்.

அது எங்கள் கம்பளி.

கம்பளியைத் தூக்கினேன். வெயிலுக்கு அதைத் தலைக்கு மேல் இழுத்துப் போட்டுக்கொண்டு, மூட்டையைக் கட்டிப்பிடித்தபடி குந்தியிருந்தாள். முகமெல்லாம் வேர்வை. என்னைப் பார்த்து முறைத்தாள்.

"ஏன் கூப்பிடல?" என்றாள்.

"கூப்பிட்டேன்டி."

"பொய். கேக்கல. நான் வாய மூடிக்கிட்டுத்தான் இருந்தேன்."

பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டேன். தண்ணி வேணும் என்றாள். தண்ணீர் இல்லை. வாடிக்குப் போய்க் குடிப்போம் என்றேன்.

தலைவர் தோணிக்குப் பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். திரும்பி, ரெண்டு கையையும் தூக்கி ஆட்டினார். தண்ணீரில் நின்றவர்கள் கரையேறினார்கள். முகத்துவாரம்வரை போன என் வீட்டுக்காரர் அங்கேயிருந்து நடந்து வந்தார். ஓடவில்லை. இடுப்புக்குக் கீழே நனைந்திருந்தது. வந்து எங்களுக்கு முன்னால் மணலில் உட்கார்ந்து, அவள் காலைப் பிடித்துக்கொண்டார்.

"அடிக்கிறீங்களா?" என்று சின்னவள் அவரிடம் கேட்டாள்.

"எதுக்கு? சொன்னதத்தான செஞ்ச" என்றார்.

அன்று பங்கைவிட அதிகமாக மீன் தந்தார்கள். தம்பி எங்களுக்கு விட்டுப்போன லீக்ஸில் கொஞ்சத்தை அவர்களுக்குக் கொடுத்தேன். மீனும் சோறும் வயிறு நிறையச் சாப்பிட்டோம். எனக்கு அப்படிப் பசித்து ரொம்ப காலம் ஆகியிருந்தது.

சாப்பிட்டதும் பிள்ளைகள் ரெண்டு பேரையும் முன்னால் நிறுத்தினேன்.

"இங்க அம்மாவக் காணோம்னா குந்தப்படாது. எந்திரிச்சு நின்னு கத்தணும்."

"மலையில?" என்றாள் சின்னவள்.

"மலையில குந்து. கடல்ல கத்து."

"எப்படிக் கத்துறது?"

"தொண்ட கிழியக் கத்து."

கத்திக் காட்டினாள். போதாது என்றேன். இன்னும் கத்தினாள். தலைவர் வாடிக்குள்ளிருந்து, "என்ன புள்ள, யாரைக் கொல்லுறியள்?" என்றார். மூத்தவனும் சேர்ந்துகொண்டான். ரெண்டும் அலையைப் பார்த்து நின்று மாறி மாறிக் கத்தின. படுக்கும்வரை கத்தின. மறுநாள் எழுந்ததும் கத்தின. தண்ணீரில் குதிக்கும்போது கத்தின, மணல்மேட்டில் உருளும்போது கத்தின. வலை இழுத்தபோது சின்னவள் எனக்கு முன்னால் கயிற்றில் தொங்கிக்கொண்டு கத்தினாள்.

தம்பி லொறியோடு வந்து இறங்கியதும் காதைப் பொத்தினான். "அக்கா, என்னா இது? ஒரு வார்த்தை பேசாத புள்ளையா இருந்துச்சு."

"கத்தட்டும்டா" என்றேன்.

கருவாட்டு மூட்டைக்கு மேல் உட்கார்ந்து மொணராகலைவரைக்கும் கத்திக்கொண்டே வந்தாள். நாங்கள் யாரும் வாயை மூடு என்று சொல்லவில்லை.