குறை சொல்லாத சம்பந்தியாரும் ஓர் ஆட்டு இரைப்பையும்

டென்மார்க்கின் ஓகூஸ் நகரப் பேருந்தில், மடியில் ஓர் ஆட்டு இரைப்பையை வைத்துக்கொண்டு நான் வீடு திரும்பிய அந்தச் சனிக்கிழமை இன்னும் மனதில் நிற்கிறது. பொலித்தீன் பைக்குள் இன்னொரு பொலித்தீன் பை, அதன் மேல் ஒரு துவாய், அதற்கும் மேல் என் சால்வை. ஆனாலும் மணத்தை யாரால் கட்டிவைக்க முடியும்? டெனிஷ்காரர்கள் முகம் சுளிக்க மாட்டார்கள், ஒரு வார்த்தை சொல்லவும் மாட்டார்கள். எழும்பிப் போய் வேறு இடத்தில் இருந்துவிடுவார்கள். கொஞ்ச நேரத்தில் பேருந்தின் பின்பாதி முழுவதும் எனக்கும் அந்த இரைப்பைக்கும் மட்டும் சொந்தமாகிவிட்டது. முப்பது வருடமாக முதியோர் இல்லத்தில் வேலை செய்து, ஊருக்குள் நல்ல பெயர் எடுத்த மனுசி நான். என்னை அந்தக் கோலத்தில் உட்காரவைத்தவர் என் சம்பந்தியார்.

அவர் என் மகளின் மாமனார். ஸ்கொட்லாந்துக்காரர். கப்பல் இயந்திரங்களோடு வாழ்ந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்தபின் ஒரே மகனுக்குப் பக்கத்தில் இருக்கலாமென்று, பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகுவதற்குச் சற்று முன்னர் ஓகூஸுக்கு வந்து சின்னதாய் ஒரு வீடு எடுத்தவர். எங்கள் ஆட்களின் கலியாணங்களில் மாப்பிள்ளை வீட்டார் குறை சொல்வது தாலி கட்டுவதைப் போல ஒரு கட்டாயச் சடங்கு. என் கலியாணத்தில் வடை ஆறிவிட்டதென்று என் மாமியார் தொடங்கியது, என் மூத்த பிள்ளை பள்ளிக்கூடம் போகும்வரை ஓயவில்லை. ஆனால் இந்த மனிதர் மகனுடைய கலியாணத்தில் சோற்றையும் கறியையும் பார்த்து “லவ்லி” என்றார். நாதஸ்வரத்துக்கும் “லவ்லி”. மண்டபத்தில் மின்சாரம் நின்று எல்லோரும் இருட்டில் இருந்தபோதும் “லவ்லி”. குறையே சொல்லாத சம்பந்தி கிடைத்திருக்கிறாரென்று என் கணவர் ஹோர்சன்ஸிலும் டோஸ்ட்ருப்பிலும் உள்ள சொந்தக்காரருக்கெல்லாம் தொலைபேசி எடுத்துப் பெருமை அடித்தார்.

அந்தப் பெருமை அதிக நாள் நிலைக்கவில்லை. ஞாயிறுதோறும் சம்பந்தியார் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவார். நேரம் தவறாமல் வருவார், கோட்டைக் கழற்றாமல் கதிரையின் நுனியில் இருப்பார், இரண்டு கரண்டி சாப்பிடுவார், “லவ்லி” என்பார், மீதியைக் கோப்பையின் ஓரத்தில் ஒதுக்கிவைப்பார். வெள்ளைக்காரருக்கு உறைப்பு ஆகாதென்று தூளைப் பாதியாகக் குறைத்துத்தான் அவருக்குத் தனியே சமைத்தேன். அப்படியிருந்தும் அவர் மெலிந்துகொண்டே வந்தார். ஓர் இலையுதிர்காலத்தில், வசந்தம் வந்ததும் தான் ஊருக்கே திரும்பப் போவதாக மகனிடம் சொல்லிவிட்டார். அங்கே அவருக்கு வயதான ஓர் அக்காவைத் தவிர ஒருவரும் இல்லை. இதயமும் முன்பொருமுறை வேலைநிறுத்தம் செய்து பார்த்திருந்தது.

மகள் அழுதுகொண்டு வந்தாள்.

“அம்மா, தன்ர அப்பாவைத் தனிய விடமாட்டன் எண்டு இவர் நிக்கிறார். அவர் போனா இவரும் அங்க வேலை தேடுவார். பிறகு நாங்களும் போகத்தானே வேணும்.”

நாங்கள் என்றால் அவளும் என் பேத்தியும். அப்போது பேத்திக்கு நடக்கத் தெரியும், என் வீட்டு அழைப்புமணியை அமத்தவும் தெரியும். இலகு ரயிலில் பத்து நிமிடத்தில் வந்து சேரும் பிள்ளையைக் கடல் தாண்டி அனுப்ப எனக்கு மனமில்லை. நான் ஹகிஸ் தேடப் புறப்பட்டது சம்பந்தியார் மேலுள்ள பாசத்தினால் என்று மருமகன் இன்றைக்கும் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறார். சொல்லட்டும். கிழவரைப் பிடித்துவைத்தால் மகள் நிற்பாள் என்பதுதான் என் கணக்கு.

தகப்பன் ஏங்குவது ஹகிஸ் என்ற ஊர்ச் சாப்பாட்டுக்கு என்பது மருமகன் மூலம் தெரியவந்த விடயம். ஆட்டின் ஈரல், இதயம், சுவாசப்பை எல்லாவற்றையும் கொத்தி, ஓட்ஸும் வெங்காயமும் கொழுப்பும் சேர்த்து, ஆட்டின் இரைப்பைக்குள்ளேயே அடைத்து அவிப்பது. காலைச் சாப்பாட்டுக்குப் பிளாக் புடிங்; அது இரத்தத்தில் செய்வது. முன்பெல்லாம் அக்கா பொதியில் அனுப்புவாராம். பிரித்தானியா ஒன்றியத்தை விட்டு விலகிய பிறகு அங்கிருந்து இறைச்சிப் பொதி வர வழியில்லை. மருமகன் இதைச் சொல்லும்போது, எனக்கு அருவருப்பாக இருக்குமென்று நினைத்துக் குரலைத் தாழ்த்தினார். எனக்குச் சிரிப்பு வந்தது. நாலு வீட்டுக்காரர் சேர்ந்து ஓர் ஆட்டைப் பங்கு போட்டால், குடலும் இரத்தமும் யாருக்கென்று சண்டை பிடிக்கிற ஊரில் பிறந்தவள் நான்.

முதலில் இரத்தத்தைத் தேடினேன். ஒரு டெனிஷ் இறைச்சிக்கடையில் தங்களுடைய இரத்தத் தொத்திறைச்சியைப் பெருமையோடு எடுத்துக் காட்டினார்கள். வாங்கி வந்து பொரித்துச் சம்பந்தியாருக்கு வைத்தேன். உள்ளே முந்திரிகை வத்தல், கறுவா, சீனி. மேலே பாணியும் ஊற்றிச் சாப்பிடவேண்டுமாம். என் கணவர் ஒரு துண்டை வாயில் போட்டுவிட்டு, “இதென்ன, கிறிஸ்மஸ் கேக்கை ஆரோ வெட்டிக் கொலை செய்த மாதிரி இருக்கு” என்றார். சம்பந்தியார் அதற்கும் “லவ்லி” என்றார். இரண்டு கரண்டி, பிறகு கோப்பையின் ஓரம்.

அடுத்ததாக நகரின் மேற்குப் பக்கத்தில் இறைச்சிக்கடை வைத்திருக்கும் சிரியாக்காரரிடம் போனேன். ஆட்டு இரைப்பை இருக்கிறதா என்று டெனிஷில் கேட்டதும் மனிதரின் முகம் மலர்ந்துவிட்டது. அவர்கள் ஊரிலும் அதற்குள் அரிசி அடைத்து அவிப்பார்களாம். ஸ்கொட்லாந்துக்காரருக்கென்று சொன்னதும், வெள்ளைக்காரரில் இவ்வளவு நாகரிகமானவர்களும் இருக்கிறார்களா என்று கேட்டார். அந்தத் துணிவில் இரத்தமும் கேட்டுவிட்டேன். கத்தியைக் கீழே வைத்து, கடையில் இருந்தவர்களை ஒருமுறை பார்த்து, அது ஹராம், இந்தக் கடைக்குள் அந்தப் பேச்சே வேண்டாம் என்றார். இரைப்பைக்கும் ஈரலுக்கும் ஒரு கடை, இரத்தத்துக்கு, டிசம்பரில் நத்தாரை ஒட்டி மட்டும் அதை விற்கும் டெனிஷ் கடை என்று அன்றே எனக்கு விளங்கியது. இரைப்பையும் ஈரலும் வாங்கிக்கொண்டுதான் அந்தச் சனிக்கிழமை பேருந்து ஏறினேன்.

குளியலறையில் வாளியை வைத்து உப்பும் வினாகிரியும் போட்டு இரைப்பையைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது என் கணவர் கதவைத் திறந்தார். “உமக்கென்ன விசரே? நான் எங்க போய்க் குளிக்கிறது?” என்றார். மகள் போய்விடுவாள் என்றேன். சட்டைக் கையை மடித்துவிட்டுப் பக்கத்தில் குந்தினார். அன்று பின்னேரம்வரை இரண்டுபேரும் கலியாணம் ஆனதிலிருந்து கதைக்காத அளவு கதைத்தோம். கடைசியில் அடைத்து, நூலால் தைத்து, பெரிய பானையில் இறக்கினேன். மிளகு போடும் நேரம் வந்தபோது, பாவம் மனிதர் என்று சுண்டுவிரல் நுனி அளவு போட்டேன்.

அடுத்த நாள் சம்பந்தியாருக்கு முன்னால் வைத்து வெட்டினேன். ஆவி பறந்தது. மனிதர் கோட்டைக் கழற்றினார். முதன்முறையாக! ஒரு வாய் சாப்பிட்டார். முள்ளுக்கரண்டியை மெதுவாகக் கோப்பையில் வைத்தார். நெற்றியைச் சுருக்கி, அவருக்கே உரிய கரடுமுரடான ஆங்கிலத்தில் நீளமாக ஏதோ சொன்னார். அதில் “லவ்லி” என்ற சொல் இல்லை. மருமகனின் முகம் சிவந்துவிட்டது. மகள் என்னைப் பார்க்காமல் மேசையைப் பார்த்து மொழிபெயர்த்தாள்.

“அம்மா... பிழையாம். ஓட்ஸ் களியாப் போச்சாம். உறைப்பும் காணாதாம்.”

உறைப்புக் காணாது! மன்னாரில் பிறந்து வளர்ந்த என்னைப் பார்த்து, ஒரு ஸ்கொட்லாந்துக்காரர்! எனக்குக் காது சுட்டது. வாய் திறக்கப் போன என் காலை என் கணவர் மேசைக்குக் கீழே மிதித்தார். அவருடைய கண்கள் மின்னின. “பேசாமல் இரும். மாப்பிள்ளை வீட்டுக்காரர் இப்பதான் வந்திருக்கினம்” என்றார் மெதுவாக. அப்போதுதான் எனக்கும் உறைத்தது. அவ்வளவு நாளும் அவர் எங்கள் வீட்டு விருந்தாளி. விருந்தாளி நல்லதென்று சொல்லுவார், எழும்பிப் போவார். குறை சொல்ல உரிமை வேண்டும். நானும் பாதித் தூளில் சமைத்து அவரை வாசலிலேயே நிற்கவைத்திருக்கிறேன். எழும்பிப் போய் எங்களுக்கென்று முழுத் தூளும் போட்டு வைத்திருந்த மீன்குழம்பைக் கொண்டுவந்து அவருக்கு முன்னால் வைத்தேன். மூக்கு ஒழுக ஒழுகச் சாப்பிட்டுவிட்டு, இவ்வளவு நாளும் இதை எங்கே ஒளித்துவைத்திருந்தாய் என்று கேட்டார்.

அதற்குப் பிறகு வசந்தத்தைப் பற்றிய பேச்சே இல்லை. சனிக்கிழமைகளில் நானும் அவருமாக இறைச்சிக்கடைக்குப் போவோம். வழியில் பலசரக்குக் கடையில், தட்டையாக அமத்திய டெனிஷ் ஓட்ஸ் பெட்டியை அவர் கையில் எடுத்துப் பார்த்து, செத்த எலியைப் போடுவதுபோல் திரும்ப அடுக்குத்தட்டில் போடுவார். சிரியாக்காரரோடு கை குலுக்கி, இருவருக்கும் பொதுமொழி இல்லாமலே அரைமணி நேரம் கதைப்பார். நத்தாருக்கு இரத்தம் வாங்கி இருவரும் பிளாக் புடிங் செய்தோம். அதில் பெருஞ்சீரகம் போட்டேனென்று இரண்டு கிழமை முறைத்துக்கொண்டு திரிந்தார். ஹகிஸில் ஒருமுறை ஈரல் கூடிப்போச்சு, ஒருமுறை தையல் விட்டுப்போச்சு, ஒருமுறை உப்பு. என் மாமியாருக்கு இந்த மனிதரைக் கட்டிவைத்திருந்தால் பொருத்தமாக இருந்திருக்கும் என்று கணவரிடம் சொன்னேன்.

என் கணக்கு பிழைத்தது போன வருடம். மருமகனுக்குக் கிளாஸ்கோவில் பெரிய வேலை கிடைத்தது. அப்பாவுக்காக இல்லை, வேலைக்காகவே. மகளும் அங்கே வேலை எடுத்துக்கொண்டாள். பேத்தி தன் பொம்மைகளுக்கு டெனிஷில் விளக்கம் சொல்லிச் சொல்லிப் பெட்டியில் அடுக்கினாள். நான் அழுததை எழுதி முடிக்க இந்தத் தாள் போதாது. சம்பந்தியாரும் கட்டாயம் போவாரென்று எல்லோரும் நினைத்தோம். அவருடைய நாடு, அவருடைய மகன். மனிதர் முடியாது என்றுவிட்டார். அங்கே எந்தக் கடையிலும் ஹகிஸ் அடுக்கிக் கிடக்கிறது, போனவுடன் கிடைக்கும், அதில் என்ன இருக்கிறது என்று கேட்டாராம். மகளைப் பிடித்துவைக்கத் தூண்டில் போட்டேன். கரைக்கு வந்தது சம்பந்தியார்.

போன ஞாயிறு மகள் காணொளி அழைப்பில் வந்தாள். அன்றைய ஹகிஸ் என் கைக்கு முதன்முறையாகச் சரியாக வந்திருந்தது. ஓட்ஸ் பதமாய் உதிர்ந்தது, மிளகு நாக்கில் நின்றது. எனக்கே தெரிந்தது. சம்பந்தியார் இரண்டாம் முறையும் போட்டுச் சாப்பிட்டு, கோப்பையைப் பாணால் துடைத்தும் விட்டார். “மாமா, தனிய இருந்தது காணும், எங்களோட வந்து இருங்கோவன்” என்று மகள் ஆங்கிலத்தில் கெஞ்சினாள். அவர் என்னை ஒருமுறை பார்த்தார். பேத்தியின் வெறும் கதிரையையும் பார்த்தார். உன் அம்மாவுக்கு இது இன்னும் சரிவரவில்லை, அரைகுறையில் விட்டுவிட்டு நான் எப்படி வருவது என்றார்.

துடைத்து வைத்திருந்த கோப்பையை நான் எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனேன். சிரியாக்காரருக்குத் தொலைபேசி எடுத்து, வருகிற சனிக்கிழமைக்கும் ஓர் இரைப்பை எடுத்துவைக்கச் சொன்னேன்.