சனிக்கிழமை கிழக்கே சூலம்

பெரம்பலூரில் எங்கள் தெருவில் பாஸ்போர்ட் இல்லாத ஆம்பிளை நான் ஒருவன்தான். வீட்டுக்கு வீடு ஒருவன் சிங்கப்பூரிலோ சவுதியிலோ இருக்கிறான். நான் தினமும் பஸ் ஏறி அரியலூர் போய், சுண்ணாம்புக்கல் லாரிகளை எடை போட்டுவிட்டுத் திரும்பி வருகிறவன். எனக்கு அதுவே பெரிய பயணம். அப்படிப்பட்டவனுடைய மனைவி போன வருஷம் இரண்டே மாதத்தில் இரண்டு நாடு பார்த்தாள். அதில் இரண்டாவது நாட்டை அவள் ஆசைப்பட்டுப் பார்க்கவில்லை.

மகள் துபாயில் இருக்கிறாள். தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பது எங்கள் வழக்கம். ஆனால் அவள் விமானம் ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். “அவ வர முடியலன்னா என்ன, நான் போறேன்” என்று மனைவி தாய் வீட்டையே பெட்டியில் கட்ட ஆரம்பித்தாள். பிரசவ லேகியம், சுக்கு, பூண்டு, வசம்பு, துவைத்து மடித்த என் பழைய வேட்டிகள் நாலு. விசா எடுத்துக் கொடுத்த பாய், பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் டிராவல்ஸ் வைத்திருப்பவர், பெட்டியைத் திறந்து பார்த்து ஒரு பொட்டலத்தை மட்டும் வெளியே எடுத்து வைத்தார்.

“அண்ணி, இது கசகசா. அங்க இதுக்குத் தடை. இதோட போனா நீங்க மகளப் பாக்க முடியாது, ஜெயிலத்தான் பாக்கணும்.”

கசகசா பெரம்பலூரிலேயே தங்கிவிட்டது. என்னோடு.

கிளம்புகிற தேதியில்தான் முதல் கோளாறு. பிரசவம் ஆவணிக் கடைசியில். ஆவணி பிறந்ததும் போனால் போதும் என்றேன். அவள் கேட்கவில்லை. முன்கூட்டியே வலி வந்துவிட்டால்? நடுவில் ஆடி, ஆடியில் யாராவது ஊர் விட்டுக் கிளம்புவார்களா? ஆகவே ஆனி முடிவதற்குள் கிளம்பிவிட்டாள். விசா அறுபது நாள். அவள் அதை இரண்டு மாதம் என்று கணக்குப் போட்டாள். கூட்டிப் பார்த்தால், டாக்டர் சொன்ன தேதிக்கு நாலு நாள் முன்னால் விசா முடிந்தது. ஆடிக்குப் பயந்து ஓடியவளை ஆவணியில் விசா பிடித்துக்கொண்டது.

இதற்கும் வழி இருந்தது. அங்கே இருந்தபடியே விசாவை நீட்டிக்கலாம். ஆனால் ஒரு வாரம் முன்னாலேயே மனு கொடுக்க வேண்டும். மருமகன் தாள்களை எல்லாம் எடுத்து வைத்துக் கையெழுத்துப் போடச் சொன்ன நாள் கரிநாள். நல்ல காரியத்துக்கு ஆகாது என்று அவள் பேனாவைத் தொடவில்லை. மறுநாள் அஷ்டமி. அதற்கு அடுத்த நாள் நவமி. தசமியன்று கையெழுத்துப் போட்டாள். அதற்குள் நேரம் கடந்துவிட்டது என்று ஏஜெண்டு சொல்லிவிட்டான். மருமகன் பாவம், மாமியாரை ஒன்றும் சொல்ல முடியாமல் எனக்குப் போன் செய்து, “மாமா, கரிநாள்னா என்ன மாமா?” என்று கேட்டார். பெண்ணைக் கொடுத்து மூன்று வருஷம் ஆகிறது. எங்கள் குடும்பத்தைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி அது.

நான் டீக்கடையில் இதைச் சொல்லியிருக்கக் கூடாது. எங்கள் ஊர் டீக்கடை பாதி விசா ஆபீஸ். மலேசியாவில் எட்டு வருஷம் இருந்துவிட்டு வந்த ஒருவர், “இதெல்லாம் ஒரு விஷயமா? நாங்க தாய்லாந்து பார்டர் தாண்டிப் போயி ஒரு டீயக் குடிச்சிட்டு, திரும்பி வந்து சீல் அடிச்சுக்குவோம். மறுபடி முப்பது நாளு” என்றார். துபாயிலிருந்து தாய்லாந்துக்கு எப்படி டீ குடிக்கப் போவது என்று கேட்டேன். அது வேற என்று ஒத்துக்கொண்டார்.

பாய்தான் தெளிவாகச் சொன்னார். “அண்ணே, அங்கேயும் அதே மாதிரிதான். பஸ்ஸுல ஏத்தி ஓமன் கூட்டிட்டுப் போவாங்க. வெளிய போன சீல் விழுந்துடும். புது விசா போனுக்கே வரும். வந்த ஒடனே அதே பஸ்ஸுல திரும்பிடலாம். காலையில போனா சாயங்காலம் வூட்டுல. இன்ஷா அல்லா.”

இல்லாவிட்டால், மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்குத் திரும்புவது. எனக்குப் பிடித்த வழி இதுதான் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மகளுக்குக் கூட மாட ஒருவர் வேண்டும் என்று தெரியும். ஆனால் அம்பது நாளாக ரசம் என்ற பெயரில் நான் வைத்துக் குடித்துக்கொண்டிருந்ததை ஒரு எதிரிக்குக்கூடக் கொடுக்க மாட்டேன். ரசம்கூடப் பரவாயில்லை. அந்த வீட்டில் நான் கோபப்பட ஆள் இல்லை. சுவரைப் பார்த்து எவ்வளவு நேரம் கத்துவது? அவள் இல்லாத வீடு எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

எனக்கும் ஒரு வாய்ப்பு வந்தது. வியாழக்கிழமை போன் செய்தாள். துபாய்க்கு எடுத்துப் போனவற்றில் நாள்காட்டி இல்லை; கரிநாள், அஷ்டமி, நவமியை மட்டும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போயிருந்தாள்.

“ஏங்க, சனிக்கிழமதான் கடைசி நாளு. அன்னைக்குத்தான் பஸ்ஸு. காலண்டரப் பாத்துச் சொல்லுங்க.”

நாள்காட்டியை ஜென்மத்தில் நம்பாதவன் நான். கல்யாணமான நாளிலிருந்து அவளை அதற்காகக் கேலி செய்கிறவன். அன்றைக்குப் பயபக்தியோடு போய்த் தாளைத் தூக்கிப் பார்த்தேன். சனிக்கிழமை கிழக்கே சூலம். சூலம் உள்ள திசைக்கு அன்று பயணம் ஆகாது. துபாயிலிருந்து ஓமன் கிழக்கு.

“ஆகாதுடி” என்றேன், துக்கம் விசாரிக்கிற குரலில். “சனிக்கெழம கெழக்கே சூலம். பேசாம நாளைக்கே பிளேன் புடிச்சு ஊருக்கு வந்துடு.”

“நம்ம ஊரும் அங்கேர்ந்து கெழக்குதானே?”

“நாளைக்கு வெள்ளிக்கெழம. வெள்ளிக்கெழம சூலம் மேற்கேதான்.”

ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

“சூலத்துக்குக் கீழ பரிகாரம்னு ஒண்ணு போட்டிருக்குமே. அதப் படிங்க.”

போட்டிருந்தது. “தயிர்” என்று படித்தேன்.

சனிக்கிழமை காலையில் ஒரு தம்ளர் தயிரைக் குடித்துவிட்டு என் மனைவி ஓமனுக்குப் பஸ் ஏறினாள். மகளுக்கு நாலு நாள் நேரம் இருக்கிறது, சாயங்காலம் வந்துவிடப்போகிறோம் என்று மாற்றுச் சேலைகூட எடுத்துப் போகவில்லை.

சாயங்காலம் விசா வரவில்லை. துபாயில் சனி, ஞாயிறு ஆபீசுக்கு விடுமுறை என்பது அந்த ஏஜெண்டுக்கு நினைவில்லை. நாங்கள் வெள்ளிக்கிழமைதான் விடுமுறை என்று நினைத்துக்கொண்டிருந்தோம். ராகு காலம், எமகண்டம், குளிகை எல்லாம் போட்டிருந்த எங்கள் காலண்டரில் துபாய் ஆபீஸ் எப்போது திறக்கும் என்று மட்டும் போடவில்லை.

எல்லையோரத்தில் ஒரு ஓட்டலில் தங்க வைத்தார்கள். ஒரே அறையில் இவளும், ஒரு மலையாள அம்மாவும், பிலிப்பைன்ஸ் பெண் ஒருத்தியும். மூவருக்கும் பொதுவாக ஒரு பாஷை கிடையாது. அந்தப் பெண் இவளுக்கு நகம் வெட்டிவிட்டாளாம். இவள் அவளுக்குத் தலை பின்னிவிட்டாளாம். இதை எல்லாம் போனில் சுற்றுலா போனவள் மாதிரிதான் சொன்னாள். கடைசியில் மட்டும் குரல் இறங்கியது.

“எனக்குப் பயமா இருக்குங்க. செட்டிகுளம் மலைக்குப் போயி முருகன்கிட்ட சொல்லிட்டு வாங்க. நீங்களே போகணும்.”

ஞாயிற்றுக்கிழமை போனேன். வெயிலில் படி ஏறி, கையில் கரும்போடு நிற்கிற முருகன் முன்னால் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றேன். விசா விவகாரத்தை சாமியிடம் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. நாடு, பாஸ்போர்ட், பஸ் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். பின்னால் நின்ற அம்மா, “சீக்கிரம் நகருங்க, நாங்களும் கும்பிடணும்” என்றார்.

திங்கட்கிழமை விடியும்போதே மருமகன் கூப்பிட்டார். வலி வந்துவிட்டது, ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. டாக்டர் சொன்ன தேதியைக் குழந்தை மதிக்கவில்லை. மகள் போனை வாங்கி, “அப்பா, அம்மா எங்கப்பா?” என்றாள். வேறொன்றும் கேட்கவில்லை. பிள்ளை பெறப் போகிறவள், முள் குத்திய சிறுபிள்ளை மாதிரி கேட்டாள். வந்துட்டே இருக்கா என்று பொய் சொன்னேன். வேலைக்குப் போகாமல் வீட்டில் உட்கார்ந்தால் பைத்தியம் பிடிக்கும் என்று அரியலூர் பஸ் ஏறிவிட்டேன்.

எடை மேடை அறையில் இருக்கும்போது மனைவியின் போன் வந்தது. அழுதுகொண்டிருந்தாள்.

“விசா வந்துடுச்சுங்க. பஸ்ஸு நிக்குது. ஆனா இப்ப மணி எட்டு. திங்கக்கெழம ஏழரையிலேர்ந்து ஒம்பது ராகு காலம்ல? இந்த நேரத்துல எப்படிங்க ஏறுறது? புள்ள பொறக்குற நேரம்...”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் இந்த மனுஷியிடம் கோபம் செல்லாது, நாள்காட்டிதான் செல்லும் என்று அதற்குள் கற்றுக்கொண்டிருந்தேன். லாரிக்காரர் கொடுத்த காலண்டர் எங்கள் அறையிலும் தொங்கியது. அதன் முன்னால் போய் நின்றேன்.

“இங்க மணி ஒம்பதர. காலண்டரு நம்ம ஊரு காலண்டரு. ராகு காலம் நம்ம ஊரு நேரத்துக்குத்தான் கணக்கு. அது முடிஞ்சு அரை மணி நேரம் ஆச்சு. சூலம் இன்னைக்கும் கெழக்கேதான், நீ போறது மேற்க. ஏறுடி!”

“நெசமாவா?”

“எந்த ஜோசியர வேணா கேளு.”

ஏறிவிட்டாள். சாஸ்திரத்தை நான் வளைத்தேனா, நிமிர்த்தினேனா என்று இன்றுவரை தெரியாது.

பகல் ஒன்றரைக்கு, ஆஸ்பத்திரி வாசலில் இறங்கிவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னாள். அதோடு சரி. இரண்டரை, மூன்றரை, நாலரை. மனைவியின் போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மருமகனும் எடுக்கவில்லை. அன்றைக்கு ஒரு லாரியை இரண்டு தடவை எடை போட்டேன். டிரைவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனார்.

ஐந்தரைக்கு மனைவி கூப்பிட்டாள்.

“ஏங்க, பொண்ணு பொறந்திருக்கு. ரெண்டு பேரும் நல்லாருக்காங்க. நான் பக்கத்துலயே நின்னேங்க, கையப் புடிச்சிக்கிட்டு.”

சந்தோஷப்பட வேண்டியவன், நாலு மணி நேரப் பயத்தை எல்லாம் கோபமாகக் கொட்டினேன். ஒரு போன் செய்ய முடியாதா? கரிநாள் பார்க்காமல் அன்றே கையெழுத்துப் போட்டிருந்தால் இந்த அலைச்சல் உண்டா?

“திட்டுங்க. தப்புதான். ஆனா ஒண்ணு சொல்றேன். நம்ம பொண்ணு பொறந்தப்ப எனக்கு அம்மா இல்ல. நீங்களும், லோடு நெறைய இருக்கு, லீவு தரமாட்டேங்குறாங்கன்னு அரியலூரு போயிட்டீங்க. கவர்மெண்டு ஆஸ்பத்திரியில பக்கத்துக் கட்டிலுக்குத் தொணைக்கு வந்த ஒரு அம்மா கையத்தான் புடிச்சிக்கிட்டுக் கெடந்தேன். அவங்க யாரு என்னன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. அதான் அந்த ஓட்டல்ல, நடந்தாவது போயிடலாமான்னு இருந்துச்சு.”

இருபத்தேழு வருஷத்தில் ஒரு சண்டையில்கூட அவள் இதை எடுத்ததில்லை. அன்றைக்கும் குற்றமாகச் சொல்லவில்லை. காரணம் சொன்னாள், அவ்வளவுதான்.

லீவு தரமாட்டேன் என்று அன்று யாரும் சொல்லவில்லை. நான் கேட்கவே இல்லை. ஆஸ்பத்திரி வாசலில் நின்று அவள் வலியில் கத்துகிற சத்தத்தைக் கேட்கப் பயந்துகொண்டு வேலைக்கு ஓடினேன். அதை அவளிடம் சொல்ல வாயெடுத்தேன், போனில் சொல்ல முடியவில்லை.

“புது விசா எத்தன நாளு?” என்று கேட்டேன்.

“அதுவும் அறுவதுதான். ஒரு மாசத்துல வந்துடறேங்க, நீங்க அங்க தனியா...”

“அறுவது நாளும் இருந்துட்டு வா” என்றேன்.