பீரோவுக்குள் அடித்த போன்

வயதுக்கு வந்த பெண்ணுக்குப் போன் எதற்கு என்று என்னைக் கேட்காத ஆள் புதுச்சத்திரம் சுற்றுவட்டாரத்தில் இல்லை. கேட்டவர்கள் எல்லோரும் கையில் போனை வைத்துக்கொண்டுதான் கேட்டார்கள்.

என் கணவர் ரிக் வண்டியில் ஆழ்துளைக் கிணற்றுக்குப் போர் போடுகிறவர். வருடத்தில் முக்கால்வாசி வடநாட்டில்தான். மழை பிடித்து வண்டி நின்றால்தான் ஊருக்கு வருவார். அப்படி வந்தபோது மகளுக்கென்றே ஒரு போன் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார். சாயங்காலமானால் இவள் அப்பாவுக்கு வீடியோ கால் போட்டு அதை அரிசி டின்மேல் சாய்த்து வைப்பாள். அங்கே அவர் வண்டி ஓரத்தில் உட்கார்ந்து வெங்காயம் நறுக்குவார், இங்கே இவள் கணக்குப் போடுவாள். இரண்டு பேரும் அதிகம் பேசக்கூட மாட்டார்கள். அதற்குப் பிறகு அவள் படம் வரையக் கற்றுக்கொள்வாள், பூனை வீடியோ பார்ப்பாள், உருப்படாத எதையாவது பார்ப்பாள். என் பிள்ளை போனில் படிக்க மட்டும்தான் செய்கிறாள் என்று நான் எவரிடமும் புளுகியதில்லை.

மகளின் சடங்கன்று காலையில் அது நடந்தது. என் கணவரின் அக்காவை நான் நங்கை என்று கூப்பிடுவேன். எங்கள் வீட்டு விசேஷம் எதுவானாலும் முன்னால் நின்று நடத்துவது அவர்தான். மகளுக்குச் சேலை கட்டிவிட்ட கையோடு, அவள் மடியில் இருந்த போனை எடுத்தார்.

"இனி இதெல்லாம் வேண்டாஞ் சாமி. பெரிய மனுசி ஆயிட்டே. ஊரு என்ன பேசும்?"

போன் பீரோவுக்குள் போனது. சாவி நங்கையின் இடுப்புக்குப் போனது. மகள் அழவில்லை, என்னைத்தான் பார்த்தாள்.

"குடுத்துருங்க நங்கை" என்றேன்.

"அப்பங்கூடப் பேசறதுன்னா உம்போன்ல பேசட்டும் அம்முணி. நீ பக்கத்துல உக்காந்து என்ன பேசறான்னு கேட்டுக்க. நான் வேண்டாங்கலயே."

கூடியிருந்த பெண்கள் நல்ல யோசனை என்று தலையாட்டினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தினமும் இரவுவரை தன் போனில் சீரியலே கதியென்று கிடக்கிறவர் இந்த நங்கை. அவர் பக்கத்தில் யார் உட்கார்ந்து கேட்கிறார்கள்?

எனக்கு இப்படித்தான் சைக்கிள் போனது. தினமும் அதில்தான் பள்ளிக்கூடம் போய்வருவேன். என் சடங்கு முடிந்ததும் மாட்டுக்கொட்டகை விட்டத்தில் அதைக் கயிறு போட்டுத் தூக்கிக் கட்டிவிட்டார்கள். வயதுக்கு வந்த பெண்ணுக்கு சைக்கிள் எதற்காம். பஸ் வராத நாளில் வீட்டில் இரு என்றார்கள். பிறகு பஸ் வந்த நாளிலும் வீட்டில் இரு என்றார்கள். என் படிப்பு அதோடு சரி. இன்று டவுனில் அஸ்தம்பட்டி சிக்னலில் நின்று பாருங்கள், காலேஜ் பெண்கள் ஸ்கூட்டரில் சர்சர்ரென்று போகிறார்கள். யாரும் கெட்டுக் குட்டிச்சுவராகிவிடவில்லை. அன்று கேட்ட அதே கேள்வியைத்தான் இன்றும் கேட்கிறார்கள். சைக்கிள்தான் போனாக மாறியிருக்கிறது.

அப்பாவோடு பேசவாவது போன் வேண்டுமே என்று கெஞ்சியிருந்தால் இரங்கியிருப்பார்கள்தான். ஆனால் அது என் கையில் இருக்கும் போனாகத்தான் இருந்திருக்கும். என் மகளின் கையில் இருக்காது. அதற்கு நான் ஒப்பவில்லை.

என் அண்ணன் தாய்மாமன் சீரோடு வந்து இறங்கினார். தட்டுகளை வரிசையாக வைத்து, மகளை மணையில் உட்காரவைத்த நேரத்தில் பீரோவுக்குள் போன் அடித்தது. நின்றது. மறுபடியும் அடித்தது. பந்தலில் எல்லோரும் வீட்டுப் பக்கம் திரும்பினார்கள்.

"அப்பாதாங்க" என்றாள் மகள்.

நான் நங்கையின் முன்னால் போய்க் கையை நீட்டினேன். "சாவி குடுங்க."

"பேசி முடிச்சதும் திருப்பி வாங்கி வெச்சுருவேன்."

"வெக்க வேண்டாமுங்க. அது அவளுது."

"நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா?"

"ஆச்சுன்னா எங்கிட்ட வந்து சொல்லுவா. புடுங்கி வெச்சா, யாருகிட்டச் சொல்லுவா?"

அதற்குள் போன் மூன்றாம் முறை அடிக்கத் தொடங்கிவிட்டது. நங்கை முகத்தைத் திருப்பிக்கொண்டு சாவியை என் கையில் போட்டார்.

நான் பீரோவைத் திறக்க, மகள் போனை எடுத்தாள். தலையெல்லாம் போர் மண் அப்பிய அவள் அப்பா தெரிந்தார். சேலையில் இருந்த மகளைப் பார்த்ததும் தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவள் போனைத் திருப்பித் திருப்பி சீர்த்தட்டு, மாமன், நான் என்று எல்லாவற்றையும் காட்டினாள். நங்கையின் பக்கம் திருப்பியபோது அவர் அவசரமாக முந்தானையைச் சரிசெய்துகொண்டார். "சாப்புட்டயா தம்பி?" என்றவரின் கண் கலங்கிவிட்டது.

"சாப்புட்டனுங்க்கா" என்றவர் மகளிடம், "ஏஞ் சாமி, போனெடுக்க இத்தன நேரம்?" என்று கேட்டார்.

"பீரோல இருந்துச்சுங்ப்பா" என்றாள் மகள், அத்தையைப் பார்த்தபடியே. "இனி எங்கிட்டத்தான் இருக்கும்."