கடலில் நிற்பவனுக்குச் சொல்லும் செய்தி

வெள்ளைப்பாறை என்று நாங்கள் சொல்லுவது வாகரைக்கு வெளியே கடலின் ஆழத்தில் தனியே நிற்கும் ஒரு கல். வெள்ளை அதன் நிறமல்ல, கடற்பறவைகளின் எச்சம். ஒரு வீட்டு வளவு அளவுகூட வராது. மரமில்லை, நிழலில்லை, நல்ல தண்ணீரில்லை. அதைச் சுற்றித் தூண்டில் போட்டிருக்கிறேன். அதில் ஏறி நிற்க வேண்டுமென்று ஒருநாளும் நினைத்ததில்லை. கடைசியில் ஏறியது முழங்கால் இரண்டும் தேய்ந்த இந்த வயதில், அதுவும் மீனுக்காக அல்ல, றேடியோவுக்காக.

மட்டக்களப்பு டவுனில் ஓய்வுபெற்ற இன்ஜினியர் ஒருவர் இருக்கிறார். சொந்தமாக றேடியோச் செட் வைத்து, உரிமம் எடுத்து, உலகத்தில் அதேபோல் செட் வைத்திருக்கிறவர்களோடு பேசுவது அவருடைய பொழுதுபோக்கு. புதுவருசம் கழிந்த கையோடு ஒரு வெளிநாட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு என் மச்சானிடம் வந்தார். மச்சான் என்றால் மனைவியின் தம்பி, வாகரையில் கலியாணம் முடித்து அங்கேயே வள்ளம் வைத்திருக்கிறவர்; அவருக்கு நானும் மச்சான். ஆள் போகாத இடத்தில் நின்று பேசினால் உலகமே அந்த இடத்தைச் செட்டில் பிடிக்க ஓடிவருமாம். எவ்வளவு ஆபத்தான கல்லோ அவ்வளவு மதிப்பாம். எனக்கு இது பிடிபடவேயில்லை. நாங்கள் மீன் படும் இடத்தைப் பெண்சாதிக்குக்கூடச் சொல்ல மாட்டோம். இவர்கள் நிற்கிற இடத்தை ஊர் உலகமெல்லாம் கூவிச் சொல்லுவதற்காகவே போகிறார்கள்.

மச்சான் என்னைக் காட்டிவிட்டார். "அண்ணன், நீங்க எங்களோட பாறையில நிக்கணும். கடல் எழும்பினா எங்களுக்கு விளங்காது" என்றார் இன்ஜினியர்.

களுதாவளையில் எங்கள் வீட்டில் அப்போது மகள் நிறைமாதம். முதல் பிள்ளை பிறந்து தங்கவில்லை. இது இரண்டாவது. நாள் இன்னும் கிடக்கிறது என்று டாக்டர் சொன்னதை நம்பித்தான் நான் ஓம் என்றேன். மகள் நம்பவில்லை.

"அப்பா, இந்த நேரத்தில கல்லுல போய் நிண்டு என்ன கிழிக்கப் போறீங்க? சொன்னாக் கேளுங்களன்."

"ரெண்டு நாளையில வந்திருவன் புள்ள."

"வாங்க வாங்க. வந்து கொள்ளுங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

போன அன்று கடல் குளத்துத் தண்ணீர் மாதிரிக் கிடந்தது. அப்படியும் வள்ளத்தைக் கல்லோடு அணைக்க முடியாது. அலை வள்ளத்தைத் தூக்கும்போது பாய வேண்டும், தாழும்போது பாய்ந்தவன் இல்லை. பாய்ந்த பிறகு கயிறு போட்டு பற்றரி, ஜெனரேற்றர், வெயிலுக்குக் கட்டத் தறப்பாள், பாண், கருவாடு, தண்ணீர்க் கலன் எல்லாம் இழுத்தெடுத்தோம். எச்சம் சவர்க்காரம் போல வழுக்கியது. நடுவில் நீளமான கம்பொன்றை நிறுத்தி, நாலு பக்கமும் கயிறிழுத்து, அதன் நுனியிலிருந்து கம்பி கட்டினார்கள். அதுதான் ஏரியல். முடிச்செல்லாம் நான் போட்டது.

பிறகு தொடங்கியது பேச்சு. பேச்சென்றா சொல்வது? வெளிநாட்டுக்காரர் ஒரு தரம் கூப்பிட்டதும், கூட்டில் கல்லெறிந்தால் குளவி இரைவது போலச் செட்டுக்குள் ஆயிரம் குரல். அதில் ஒருவரைப் பிடித்து, உன் குரல் நல்லாய்க் கேட்கிறது என்று இவர் சொல்ல, உன் குரலும் நல்லாய்க் கேட்கிறது என்று அவர் சொல்ல, முடிந்தது. அடுத்த ஆள்.

"இவ்வளவுதானா?" என்று கேட்டேன்.

"இவ்வளவுதான் அண்ணன். யப்பான்காரன் இப்ப."

"சோறு திண்டயா எண்டு ஒத்தனும் கேக்கானில்லையே."

இன்ஜினியர் சிரித்துச் சிரித்து இருமினார்.

அடுத்தநாள் காற்றேயில்லாமல் கடல் எழும்பியது. தூரத்தில் எங்கேயோ புயல் நடந்தால் அதன் அலை இப்படித்தான் பிந்தி வரும். கரையோடு பேசக் கொண்டுவந்த சின்னச் செட் அன்றே அலையில் நனைந்து செத்துப்போனது. கைத்தொலைபேசிக்கு அங்கே சிக்னல் கோடு விழாது. மூன்றாம் நாள் காலையில் எங்களை ஏற்ற மச்சான் வந்தார். வந்தவரால் கிட்ட வர முடியவில்லை. அலை முதுகில் வள்ளம் ஏறுவதும் மறைவதுமாக, ஒரு கையைக் காட்டிக் கத்தினார்.

"மச்சான்! உங்கட மகள ஆசுபத்திரிக்கிக் கொண்டுபோயிட்டாங்க!"

"என்னவாம்?"

அவர் வாய் அசைந்தது. மிச்சத்தை அலை தின்றுவிட்டது. நாளைக்கு வருகிறேன் என்பது போலக் கையைக் காட்டிவிட்டு வள்ளத்தைத் திருப்பினார்.

எனக்கு நிற்க முடியவில்லை, இருக்க முடியவில்லை. உலாத்தலாமென்றால் உலாத்த இடமில்லை. கம்பிலிருந்து விளிம்பு, விளிம்பிலிருந்து கம்பு. பாணைப் பிய்த்தேன், தின்னவில்லை. கயிறுகளை அவிழ்த்து மறுபடி கட்டினேன். செட்டுக்குள் உலகம் இரைந்துகொண்டிருந்தது. யப்பான் கேட்கிறது, இத்தாலி கேட்கிறது. அந்தா தெரிகிற கரைக்கு அங்கால் என் பிள்ளை கட்டிலில் கிடப்பது மட்டும் கேட்கவில்லை. போன முறையும் இப்படி நாளுக்கு முந்தித்தான் கொண்டுபோனார்கள்.

மத்தியானம் இன்ஜினியரிடம் போய் நின்றேன்.

"சேர், இதுக்குள்ள இவ்வளவு சனம் இரிக்கே. ஒத்தரிட்டச் சொல்லி எண்ட மருமகனுக்கு ஒரு கோல் எடுக்கச் சொல்லேலாதா?"

அவர் தலையைச் சொறிந்தார். "மற்ற ஆக்கள்ர சொந்தச் செய்தி அனுப்பப்படாது அண்ணன். உரிமத்தில அப்பிடி இரிக்கு."

நான் விலகவில்லை. அங்கேயே நின்றேன். அவர் என்னைப் பார்த்தார், கடலைப் பார்த்தார். பிறகு வெளிநாட்டுக்காரரிடம் ஆங்கிலத்தில் என்னவோ சொன்னார். அந்த மனிதர் காதிலிருந்ததைக் கழற்றி வைத்துவிட்டு எழும்பி இடம் விட்டார். பாவம், அவருக்கு நல்லாய்க் கேட்கும் நேரமே அதுதான்.

"அவசரமெண்டா மன்னிப்பாங்க" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு இன்ஜினியர் வேறு அலைவரிசைக்குத் திருப்பி, தமிழில் கூப்பிட்டார். கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டும் நேரத்தில் ஒரு குரல் தெளிவாக வந்தது. நாகப்பட்டினத்துக்காரர்.

"சொல்லுங்க சார். நல்லா கேக்குது."

மருமகனின் நம்பரை என் தொலைபேசியில் பார்த்து ஒவ்வொன்றாக வாசித்தோம். கடல் முழுக்கக் கேட்கும்படி வீட்டு நம்பரைச் சொல்வது எனக்கு உடுப்பில்லாமல் நிற்பது போல இருந்தது. அவர் இருக்கச் சொல்லிவிட்டுப் போனார். திரும்பி வந்தார்.

"ஐயா, உங்க மாப்பிள்ளைகிட்ட பேசிட்டேன். எல்லாம் நல்லபடியா இருக்காம். ஒண்ணும் யோசிக்க வேணாமாம். கடல் எறங்கினதும் மெதுவா வரச் சொன்னாரு."

இன்ஜினியர் என் முதுகில் தட்டினார். வெளிநாட்டுக்காரர் கையைப் பிடித்துக் குலுக்கினார். எனக்கு மட்டும் பயம் கூடியது.

ஏனென்று சொல்ல வேண்டும். ஆழ்கடலுக்குப் போகும் பலநாள் படகில் கனகாலம் நின்றவன் நான். முழங்கால் போன பிறகு கரையில் கொட்டிலுக்குள் இருந்து படகுகளோடு செட்டில் பேசும் வேலை பார்த்தேன். அந்த வேலையில் ஒரு வழக்கம் இருக்கிறது. வீட்டில் என்ன நடந்தாலும் கடலில் நிற்கிறவனுக்கு நாங்கள் சொல்ல மாட்டோம். மனம் கலங்கினவன் கையில் சுக்கான் நிற்காது. ஒருமுறை ஒருவனுடைய தாய் போய்விட்டாள். அவன் செட்டில் கேட்டான். "எல்லாரும் சுகம் மனே. ஒண்டுக்கும் யோசிக்காத, ஆறுதலா வா" என்றேன் நான். ஒழுங்கையில் சாவீட்டு வெள்ளைக்கொடியைக் கண்ட பிறகுதான் அவனுக்குத் தெரியும். அவன் என்னில் கோபிக்கவில்லை. என் மருமகனும் பலநாள் படகுக்காரன். அதே சொல்லைத்தான் எனக்குச் சொல்லியிருக்கிறான். யோசிக்க வேணாம், ஆறுதலா வாங்க. நாகப்பட்டினத்துக்காரர் சொன்ன 'மெதுவா' எங்கள் 'ஆறுதலா'தான்.

"சேர், இது பொய்" என்றேன்.

"என்னண்ணன் நீங்க! அந்த மனிசன் கடல் கடந்து கோல் எடுத்துச் சொல்லுறார்."

"அவர் பொய் சொல்லல்ல. அவருக்குச் சொன்ன ஆள் சொல்லுறான். கடல்ல நிக்கிறவனுக்கு நாங்க சொல்லுற கதை இது. மகளக் கதைக்கச் சொல்லுங்க. அவள்ர வாயால ஒண்டு வரட்டும்."

இன்ஜினியர் பெருமூச்சு விட்டு மறுபடி கூப்பிட்டு விசயத்தைச் சொன்னார். நாகப்பட்டினத்துக்காரர் ஏன் எதற்கென்று கேட்கவில்லை. "எங்க அப்பாவும் கடலுக்குப் போனவருதான்" என்றார். "இருங்க."

அந்த நேரம் பார்த்து ஒரு பெரிய அலை கல்லின் தலைக்கு மேலால் போனது. தறப்பாள் கிழிந்தது. ஒரு பக்கத்துக் கயிறு அறுந்து கம்பு சாய, குரல் மங்கியது. நான் ஓடிப்போய்க் கம்பைக் கட்டிப்பிடித்து நிமிர்த்தினேன். வெளிநாட்டுக்காரரும் வந்து கீழே பிடித்தார். இருவரும் மாறி மாறி அலையில் குளித்தோம். அவர் என்னவோ சொன்னார். நானும் என்னவோ சொன்னேன். இன்ஜினியர் காதில் கொளுவியதைப் பிடுங்கிவிட்டுச் சத்தத்தைக் கூட்டிவைத்தார். செட் இரைந்துகொண்டே இருந்தது. வெறும் இரைச்சல். எவ்வளவு நேரமென்று தெரியாது.

"ஐயா... இருக்கீங்களா?"

"இரிக்கம், இரிக்கம்! சொல்லுங்க!" இன்ஜினியர் கத்தினார்.

"பொண்ணுகிட்ட போனைக் கொடுத்தாங்க. அவங்க சொன்னதை... எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

நான் கம்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன்.

"அப்படியே சொல்லச் சொல்லுங்க!" என்று கத்தினேன்.

"மன்னிச்சுக்குங்க ஐயா. அந்த மனுசனுக்கு விசரான்னு கேட்டாங்க. போக வேணாம்னு தலப்பாடா அடிச்சுக்கிட்டாங்களாம். இனிமே வீட்டுப்பக்கம் வர வேணாமாம். அங்கயே கெடந்து கொக்குப்... கொக்கு எச்சத்தைத் தின்னச் சொன்னாங்க."

"எச்சமெண்டா சொன்னாள்?"

"இல்லீங்க. அவங்க வேற வார்த்தை சொன்னாங்க."

அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. சுகமென்று யாரும் யாருக்காகவும் சொல்லலாம். அந்த ஏச்சை அவள் தவிர ஒருவரும் ஏச முடியாது. பின்னாலே பிள்ளை வீரிட்டு அழுதது காதில் விழுந்ததென்று அவர் சொல்லும்போதே குரல் தேய்ந்து தேய்ந்து இரைச்சலுக்குள் போய்விட்டது.

"இப்ப நம்புறீங்களா அண்ணன்?"

"அவள்தான் சேர். எண்ட புள்ளதான்."

கம்பை நிமிர்த்திக் கட்டிவிட்டு இருந்து பாண் தின்னும்போதுதான் நினைவு வந்தது. ஆணா பெண்ணா என்று ஒருவரும் கேட்கவில்லை. இன்ஜினியர் பிறகு எவ்வளவோ கூப்பிட்டார். நாகப்பட்டினம் வரவில்லை. யப்பான்தான் வந்தது. மறுபடி எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

அடுத்தநாள் கடல் கொஞ்சம் தணிந்தது. மச்சான் வந்தார். முதலில் சாமான், பிறகு அவர்கள் இருவர், கடைசியில் நான். விளிம்பில் நின்று கேட்டேன்.

"மச்சான், ஆணா பொண்ணா?"

"முதல்ல பாயுங்க. பொறகு சொல்றன்."

"சொல்லன்டா!"

"கல்லுல நிக்கிற ஆளுக்கு நல்லதும் சொல்லப்படாது. அலையப் பாத்துப் பாயுங்க மச்சான்!"

வள்ளம் எழும்பியது. பாய்ந்தேன். அவர் என்னைப் பிடித்து இருத்தி, கல்லை விட்டு விலகி, இயந்திரத்தை ஒரே சீராக விட்ட பிறகுதான் திரும்பிப் பார்த்தார்.

"பொம்புளப் புள்ள" என்றார். "ரெண்டு பேரும் சுகம். வீட்ட போறத மட்டும் யோசிச்சுப் போங்க."