மூன்றாவது காத்தாடி

போன வாரம் என் மகன், கேம் விளையாடும் கம்ப்யூட்டருக்காக ஒவ்வொரு பாகத்தையும் பார்த்துப் பார்த்து போனிலேயே வரவழைத்தான். கிராபிக்ஸ் கார்டு வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்ததும் புதுச் சாமானுக்கே உரிய ஒரு வாசம். என்னை அறியாமல் கார்டை உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தேன். "என்னம்மா, கத்திரிக்காயா வாங்குறோம்?" என்று சிரித்தான். அது அவன் தாத்தாவிடமிருந்து எனக்கு ஒட்டிய பழக்கம்.

அப்பா கம்பத்தில் மோட்டாருக்குத் தாமிரக் கம்பியால் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். சுருளிப்பட்டி திராட்சைத் தோட்டங்களில் கருகிய மோட்டார்களெல்லாம் அங்கேதான் வரும். சட்டையில் தொடங்கி, அவர் பிசைந்து தரும் சோறு வரைக்கும் வார்னிஷ் வாசம்தான். ஓடுகிற மோட்டாரைக் காதால் கேட்டே கோளாறு சொல்லிவிடுவார். வாங்கும்போது மட்டும் கைதான். கனமாக இருந்தால் உள்ளே தாமிரம் இருக்கிறது, இல்லையென்றால் ஏமாற்று. அவருடைய மொத்த விஞ்ஞானமும் அவ்வளவே.

ஏழாவது படிக்கும்போது, கார் பந்தய கேம் ஓடுகிற கம்ப்யூட்டர் வேண்டுமென்று ஒற்றைக்காலில் நின்றேன். தேனிக்குக் கூட்டிப்போனார். கடைக்காரர் மேசையில் பரப்பிய பாகங்களை அப்பா ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். பவர் சப்ளைப் பெட்டியில் நாலைத் தள்ளிவிட்டு ஐந்தாவதை எடுத்தார். "இதுலதேன்யா சரக்கு இருக்கு." கடைசியாகக் கிராபிக்ஸ் கார்டு வந்தது. "அப்பளம் மாதிரி இருக்கு. இது எதுக்குய்யா?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"அண்ணே, கேமுக்கு அதுதேன்..." என்று கடைக்காரர் இழுத்தார். நானாவது வாயைத் திறந்திருக்கலாம். எனக்கும் அப்போது ஒன்றும் தெரியாது.

வீட்டில் கேமைப் போட்டால், வீரபாண்டித் திருவிழாக் கூட்டத்தில் மாட்டிய பஸ் மாதிரி என் கார் நின்று நின்று நகர்ந்தது. "ஒங்களுக்கு மோட்டாரத் தவிர என்னப்பா தெரியும்?" என்று கத்தினேன். அப்பாவின் முகம் சுருங்கிவிட்டது. இப்போது நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஒரு வாரம் கழித்து, தோட்டக்காரர்கள் மோட்டாருக்காகக் காத்துக்கிடக்கிற கோடையில், கடையைப் பூட்டிவிட்டுத் தேனிக்குப் போய் ஒரு கார்டு வாங்கி வந்தார். இருந்ததிலேயே கனமானது. "இதுல தனியாவே காத்தாடி இருக்கு தாயி. நீயே மாட்டிக்க" என்று கொடுத்துவிட்டுக் கடைக்கு ஓடினார். கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தேன். அந்தக் கார்டு எங்கள் போர்டில் எந்தப் பள்ளத்திலும் உட்காரவில்லை. அது வேறு வகை. மனுஷர் எடை பார்த்தாரே தவிர, எதில் மாட்டுவது என்று கேட்டிருக்க மாட்டார்.

சொன்னால் அந்த முகம் மறுபடி சுருங்கும். அதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. கார்டைத் துணிப்பெட்டிக்குள், துணிகளுக்கு அடியில் ஒளித்துவைத்தேன். சாயங்காலம் அப்பா வந்து நாற்காலிக்குப் பின்னால் நின்றார். வேறு கார்களே வராத வெறும் சாலையாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன். அதில்தான் கொஞ்சம் வேகமாகப் போகும்.

"எப்படி ஓடுது தாயி?"

"பறக்குதுப்பா."

கல்லூரி விடுதிக்குக் கிளம்பிய அன்று துணிப்பெட்டியைக் காலி செய்த அப்பாவின் கையில் அந்தக் கார்டு சிக்கியது. நான் திருதிருவென்று விழித்தேன்.

"தெரியும் தாயி. கம்ப்யூட்டர் பெட்டிக்குள்ள பழைய ரெண்டு காத்தாடிச் சத்தந்தேன் கேட்டுச்சு. மூணாவது கேக்கவே இல்லயே."

"அப்பறம் ஏம்ப்பா ஒண்ணும் சொல்லல?"

"நீதேன் பறக்குதுன்னு சொல்லிட்டயே."

மகன் எல்லாவற்றையும் மாட்டி ஓடவிட்டான். அவன் கார்டில் மட்டுமே மூன்று காத்தாடிகள், கலர் கலராக விளக்குகள். சத்தமில்லாமல் ஓடுவதுதான் விசேஷமாம். பெட்டியோடு காதை வைத்துப் பார்த்தேன். உண்மைதான், ஒன்றும் கேட்கவில்லை. கேட்டுச் சொல்ல அப்பாவும் இல்லை.